டேப் சுற்றிய மவுஸ்

– கண்ண மூடுடி வாலு.

– அண்ணி, அதான் மவுஸ் பூரா டேப்ப சுத்தி வெச்சிருக்கீங்களே. ஆக்ஸிடென்ட் ஆகி கட்டுப் போட்ட மாதிரி இருக்கு. அப்புறம் கண்ண வேற எதுக்கு மூடணும்?

– மூடுன்னா மூடு. மொதல்ல கை பேசட்டும். கண்ணு அப்புறம் வரட்டும்.

– என் கை பேசினா என்ன பேசும் தெரியுமா? "வந்தவளுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்திருக்கலாம்"னு பேசும்.

– டீ குடிச்சா குறி தவறுதுன்னு சொல்றவ நீதான். மார்க் போட்டப்புறம் டீ.

– கொடுமக்கார அண்ணி.

– ஆமா, ஊருக்கே தெரியும். யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா உன் கை பொய் சொல்லும்டி. முன்னாடி ஒரு தடவ பெரிய கம்பெனி பேரப் பாத்துட்டு ரெண்டு மார்க் தூக்கிப் போட்டவதானே நீ? நம்ம ரிவ்யூ சைட்ட நம்பி மவுஸ் வாங்கினவங்க எல்லாம் காறித் துப்பாத குறை.

– அந்தக் கதைய இன்னும் எத்தன தடவதான் சொல்வீங்க? அதுக்கப்புறம்தான் இந்த டேப் சாஸ்திரமே வந்துச்சு. சரி, மூடிட்டேன். குடுங்க.

– இந்தா. என்ன தோணுதோ அப்படியே சொல்லு. யோசிச்சு அழகு பண்ணாத.

– ம்… லேசா இருக்கு. ரொம்பவே லேசு. உள்ள சாமான் எல்லாம் இருக்கா, இல்ல வெறும் ஓட்ட அனுப்பி வெச்சுட்டாங்களா?

– எல்லாம் இருக்கு. லேசா இருக்கறது நல்லதா, கெட்டதா?

– நல்லதுதான். நாள் பூரா வெளையாடினாலும் மணிக்கட்டு வலிக்காது.

– சரி… முதுகு?

– நேத்துலேர்ந்து எனக்கு இடுப்புக்கு மேல ஒரு பிடிப்பு அண்ணி…

– உன் முதுக யாரு கேட்டா? மவுஸோட முதுகு!

– ஓ… அதுவா. அது… அட. உள்ளங்கை அப்படியே போய் உக்காந்துக்குது. கன்னத்துல கை வெச்ச மாதிரி இருக்கு. எழுதினீங்களா?

– எழுதிட்டேன், எழுதிட்டேன். "உள்ளங்கைக்கு நல்ல பொருத்தம்."

– கன்னத்த விட்டுட்டீங்க.

– கன்னம் எல்லாம் படிக்கறவங்களுக்கு வேணாம். கண்ணத் தொற.

– தொறந்தாச்சு. யாரு அண்ணி செஞ்சது இத? மேஜை மேல எந்தக் கம்பெனி டப்பாவும் இல்லையே.

– சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சே ஏன் கேக்கற?

– பேரு வேணாம். பெரிய ஆளா, சின்ன ஆளான்னு மட்டும்…

– சின்ன ஆளு. ஒத்த ஆளு. ஒரு ஆபீஸ்ல வேல பாத்துக்கிட்டே மிச்ச நேரத்துல இத செஞ்சிருக்காராம். நம்ம மார்க் பத்துக்கு ஏழு வந்துச்சுன்னா வேலைய விட்டுட்டு இதையே தொழிலா எடுத்துக்கப் போறாராம்.

– வராட்டி?

– வராட்டி வாய மூடிக்கிட்டு ஆபீஸ் போவாராம். அதனால வெளையாட்டா எதையாவது போட்டு வெக்காத. ஒருத்தரு பொழப்புடி இது.

– அடப்பாவமே! என் ஒரு கையில ஒரு குடும்பமே தொங்குதா?

– தொங்குது. பத்திரமாப் பிடி.

– அவரு பொண்டாட்டி என்ன சொல்றாங்களாம்?

– கல்யாணம் ஆயிடுச்சுன்னு நான் சொன்னேனா?

– ஆகாதவன் வேலைய விடறதுக்கு அடுத்தவங்ககிட்ட மார்க் கேக்க மாட்டான் அண்ணி. நேரா விட்டுட்டு வந்து நிப்பான்.

– வாயாடி. கேம தொற. குறி பாக்கற பயிற்சிய போடு மொதல்ல.

– போட்டாச்சு. பச்ச உருண்ட… டொக்… டொக்… டொக்… பாருங்க, எங்க நிக்கணும்னு நெனக்கிறேனோ அங்க போய் நிக்குது. தூக்கித் தூக்கி வெச்சாலும் எகிறல.

– வேகமா இழு. யாரோ கூப்பிட்டா திரும்புவியே, அப்படி சட்டுனு.

– இழுத்தாச்சு. நல்ல புள்ளையா கூடவே வருது. சென்சாருக்கு முழு மார்க் போட்டுக்குங்க.

– நெசமாவா?

– ஏன் அண்ணி மூஞ்சில இவ்ளோ வெளிச்சம்?

– ஜன்னல் தொறந்திருக்கு, அதான். கிளிக் எப்படி?

– இடது பக்கம் நச்சுனு இருக்கு. வலது பக்கம் கொஞ்சம் மந்தம். காலையில எழுப்பின அண்ணன் மாதிரி.

– என் புருஷன எதுக்குடி இதுல இழுக்கற?

– என் அண்ணன நான் இழுக்காம யாரு இழுப்பா? அமுக்கினா உடனே எழுந்திருக்காது. கொஞ்சம் யோசன பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கும்.

– அத சரியாத்தான் சொல்ற… "வலது கிளிக் மந்தம்." வீல்?

– உருளுது. சத்தம் கம்மி. அமுக்கினா ஆடல. வீல் பாஸ்.

– வேர்வைக்கு? உன் கைதான் மழை பெஞ்ச மாதிரி ஆயிடுமே.

– டேப்ப ஓரமா கொஞ்சம் வெலக்கிட்டு தொடறேன்… வழுக்கல. லேசா சொரசொரப்பா இருக்கு. யாரோ உக்காந்து கையாலயே தேய்ச்சிருக்காங்க அண்ணி. மெஷின் வேல இல்ல இது. ஒரு பக்கம் அதிகமா தேஞ்சிருக்கு.

– அது குறையா?

– குறைதான். ஆனா கோவம் வராத குறை.

– அப்படி ஒரு குறைய நான் எப்படிடி எழுதறது?

– அது உங்க பாடு. இப்ப நெஜ ஆட்டத்துக்குள்ள போறேன். பக்கத்துல உக்காந்து கத்தக் கூடாது, சொல்லிட்டேன்.

– நான் எப்ப கத்தினேன்?

– போன வாரம் "பின்னாடி பாரு, பின்னாடி பாரு"ன்னு கத்தினது பக்கத்து வீட்டு நாயா?

– சரி, வாயத் தொறக்கல. ஆடு.

– … வர்றாங்க… செவுத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு… இருங்க… இருங்க… ஒருத்தன் காலி. இன்னொருத்தன் இப்ப… ஐயோ!

– என்னாச்சு?

– குண்டு! குண்ட என் காலுக்குக் கீழயே போட்டுட்டேன்! நான் போடவே இல்ல அண்ணி, அதுவா விழுந்துச்சு!

– செத்துட்டியா?

– நான் மட்டுமா? பக்கத்துல நின்ன எங்க ஆளுங்களையும் சேத்து அனுப்பி வெச்சுட்டேன். ஹெட்போன்ல திட்டறாங்க பாருங்க… காது குடுத்துக் கேக்க முடியல.

– கை தவறி அமுக்கியிருப்ப.

– அப்படியா? இன்னொரு ஆட்டம் போடறேன். நீங்க திரையப் பாக்காதீங்க, என் கட்டவிரலப் பாத்துக்கிட்டே இருங்க… … வர்றான்… பிடிய இறுக்கறேன்… பாத்தீங்களா! மறுபடியும்!

– பாத்தேன்…

– சைடுல ரெண்டு பட்டன் இருக்கு இல்ல, அதுல குண்டு போடற பின்பட்டன் கட்டவிரல் அடியில முட்டிக்கிட்டு நிக்குது. சும்மா பிடிச்சா ஒண்ணும் இல்ல. பயத்துல இறுக்கினா தானா அமுங்குது.

– கொஞ்சம் பழகினா… சரியாப் போயிடும் இல்ல?

– அண்ணி, நீங்களா பேசறது? பழகிக்கங்கன்னு சொல்றது மவுஸோட குத்தத்த வாங்கினவன் தலையில கட்டறதுன்னு எழுதினது யாரு?

– நான்தான்… சரி, விடு. எதனால இப்படி ஆச்சு? அத சொல்லு.

– வெளையாடற கைய அளந்து செய்யல. சும்மா இருக்கற கைய அளந்து செஞ்சிருக்காரு மனுஷன். சோபாவுல சாஞ்சுக்கிட்டு டிவி பாக்கற கை.

– டிவி… பாக்கற கைன்னு எப்படிச் சொல்ற?

– ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஏன், டிவி பாத்தா தப்பா?

– தப்பில்ல. இரு, போன் அடிக்குது… ஹலோ… ம், சொல்லுங்க… ஆமா, வந்திருக்கா… இல்ல, இன்னும் மார்க் போடல… நீங்க எங்க, ஆபீஸ்லயா?… மீட்டிங்கா? மீட்டிங்ல எப்படிங்க போன் பேசறீங்க?… ஓ, இப்பதான் முடிஞ்சுதா… அது என்ன பின்னாடி கடகடன்னு சத்தம்?… ஆபீஸ் ஃபேனா… சரி, எண்ணெய் போடச் சொல்லுங்க. வெச்சுடறேன்.

– யாரு, அண்ணனா?

– ஆமா. உனக்கு ஏன்டி இப்படி பொற ஏறுது? இந்தா, தண்ணி குடி.

– ஒண்ணுமில்ல… ஏதோ தொண்டையில… ஆமா, ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டு மார்க் போட்டாச்சான்னு கேக்கறாரா அண்ணன்? அவ்ளோ அக்கறையா?

– பொண்டாட்டி வேலையில புருஷனுக்கு அக்கறை இருக்கக் கூடாதா?

– இத்தன வருஷமா நம்ம சைட்டோட பேரு கூட அவருக்கு ஒழுங்கா சொல்ல வராது.

– இப்ப வருது. மவுஸப் பிடி. வலது பக்கம் எப்படி? மோதிர விரலும் சுண்டு விரலும் எங்க நிக்குது?

– அங்கதான் ஒரு வேடிக்க. டேப்புக்கு மேலயே தெரியுது. தடவிப் பாருங்க… ஒரு பள்ளம்.

– டிசைனா இருக்கும்.

– என்ன டிசைன்?

– காத்து போக.

– காத்து போக ஓட்ட போடுவாங்க அண்ணி, பள்ளம் தோண்ட மாட்டாங்க. மோதிர விரல் இருக்கற எடத்துல, குறுக்கால, மெல்லிசா ஒரு வளைவு. புரியுதா? மோதிரம் போட்ட கைய அச்சு எடுத்திருக்காரு. கழட்டச் சொல்ல மறந்துட்டாரு.

– மறந்திருப்பாரு, பாவம்.

– மோதிரம் போட்ட கை. சின்ன கை. டிவி பாக்கற கை. யாரா இருக்கும்?

– எனக்கென்ன தெரியும்? அவரு பொண்டாட்டியா இருக்கும்.

– இப்ப கல்யாணம் ஆயிடுச்சா அவருக்கு? நல்லது. அந்தம்மா எப்படி இருப்பாங்க அண்ணி? எனக்கு ஒரு கற்பன வருது. கொஞ்சம் கறார். எதுக்கெடுத்தாலும் மார்க் போடுவாங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்க மாட்டாங்க.

– அவருக்கு ஒரு தங்கச்சி கூட இருப்பாளா இருக்கும். வாய மூடத் தெரியாதவளா.

– உங்க வலது கைய கொஞ்சம் மேஜை மேல வைங்களேன்.

– மாட்டேன்.

– ஏன் முதுகுக்குப் பின்னாடி கொண்டு போறீங்க?

– அரிக்குது. சொறியறேன்.

– நல்லா சொறியுங்க. அதுக்குள்ள நான் மார்க் போட்டுடறேன்.

– போடு… எவ்ளோ?

– அஞ்சு.

– அஞ்சா!

– அஞ்சு.

– சென்சாருக்கு முழு மார்க்குன்னு சொன்ன. லேசா இருக்குன்ன. கன்னத்துல கை வெச்ச மாதிரின்ன. அப்புறம் எப்படி அஞ்சு?

– அவசரத்துல கூட நிக்கறவனையே கொல்ற மவுஸுக்கு அஞ்சே அதிகம்.

– ஆறு போடேன்.

– பேரம் பேசறீங்களா? நீங்களா?

– ஆறரை…

– அண்ணி, பேரம்னா எறங்கி வரணும். நீங்க ஏறிக்கிட்டே போறீங்க. ஏய்… என்ன இது? கண்ணு ஏன் கலங்குது?

– தூசி.

– ஒரு மவுஸுக்கு யாராவது அழுவாங்களா?

– பயமா இருக்குடி.

– என்ன பயம்?

– எட்டு போட்டா அவரு ஏமாந்துடுவாரு. அஞ்சு போட்டா ஒடஞ்சு உக்காந்துடுவாரு. ரெண்டுல எதையும் என்னால பாக்க முடியாது.

– "அவரு"ன்னா…

– போதும்டி நடிப்பு. உன் அண்ணன்தான். வேற யாரு? ஒரு நாள் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தாரு. கைய எடுத்து மெதுவா களிமண்ணுல வெச்சு அமுக்கினாரு. இத்தன வருஷத்துக்கப்புறம் கொஞ்சறாருன்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேன்.

– ஹா ஹா… ஐயோ அண்ணி… களிமண்ணுல கைய அமுக்கினா அது கொஞ்சறதா?

– சிரிக்காதடி! எனக்கென்ன தெரியும்? மோதிரத்தக் கழட்டச் சொல்லியிருந்தாலாவது ஏதோ வேலைன்னு புரிஞ்சிருக்கும்.

– உலகத்துலயே மோதிரம் போட்ட ஒரே மவுஸ் இதுதான்.

– செஞ்சு முடிச்சு கொண்டாந்து குடுத்தப்ப, "அவகிட்ட என் பேரச் சொல்லாத, பாசத்துல எட்டு போட்டுடுவா, எனக்கு அது வேணாம்"னாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. டேப்ப சுத்தினேன்.

– பாசத்துலயா? நானா? அவருக்கு என்னப் பத்தி ஒண்ணுமே தெரியல.

– இப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு. மார்க்க மாத்துவியா?

– மாத்த மாட்டேன். எனக்கு மொதல்லயே தெரியும்.

– மோதிரத்தப் பாத்தா?

– அதுக்கும் முன்னாடி. கண்ண மூடிக்கிட்டு கையில வாங்கினேன் பாருங்க, அப்பவே. அந்தப் பசை வாசம்.

– தெரிஞ்சுமா அஞ்சு போட்ட?

– தெரிஞ்சதாலதான் அண்ணி. வேற யாரோன்னா கை கூசி ஆறு போட்டிருப்பேன். இவருக்கு ஏழுன்னு போட்டா, இத இப்படியே செஞ்சு விப்பாரு. வாங்கினவன் எல்லாம் தன் காலுக்குக் கீழ குண்டப் போட்டுக்கிட்டு என் அண்ணனத் திட்டுவான். அத என்னால படிக்க முடியாது. நெசமாவே முடியாது.

– … ம்.

– அந்தப் பின்பட்டன ஒரு நகம் அளவுக்கு மேல தள்ளச் சொல்லுங்க. வலது கிளிக்க மாத்தச் சொல்லுங்க. வெளையாடறப்ப என் கைய அளக்கச் சொல்லுங்க. உங்க கை அழகுதான், இல்லேங்கல. ஆனா அது சண்ட போடாத கை.

– அத உன் அண்ணன்கிட்ட சொல்லு, சிரிப்பாரு.

– அதெல்லாம் செஞ்சப்புறம் மறுபடியும் டேப்ப சுத்திக் கொண்டாங்க. அந்த முதுகும் அந்த சென்சாரும் எல்லாருக்கும் வராது அண்ணி. அவருக்கு வந்திருக்கு. அப்ப ஏழு வந்தா ஏழு, எட்டு வந்தா எட்டு.

– அதுவரைக்கும்?

– அஞ்சு.

– சரி. அஞ்சுன்னே சொல்லிடறேன் அவருகிட்ட. சைட்ல இப்ப போடல, சரி பண்ணினப்புறம் பாத்துக்கலாம். என்ன, கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பாரு. இருக்கட்டும். ஆபீஸ் வேல கையில இருக்கு, மாசம் பொறந்தா சம்பளம் வருது. மெதுவா செய்யட்டுமே. என்ன அவசரம்? என்னடி, இவ்ளோ நேரம் லொடலொடன்னு பேசினவ இப்ப ஏன் தரையப் பாக்கற?

– அண்ணி… நீங்க கொஞ்சம் உக்காருங்க.

– உக்காந்துதான்டி இருக்கேன்.

– அப்ப கோவப்படாம உக்காருங்க. அந்தப் பசை வாசம் எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கவே இல்லையே.

– இப்ப கேக்கறேன். எப்படி?

– நான் வாடகைக்கு இருக்கற ரூம் பூரா அதான் அடிக்குது. அண்ணன் ஆபீஸ்ல இல்ல. வேலைய விட்டு மாசக்கணக்குல ஆச்சு. காலையில நீங்க கட்டிக் குடுக்கற சாப்பாட்டு டப்பாவத் தூக்கிட்டு நேரா என் ரூமுக்கு வந்துடறாரு. நாள் பூரா தேய்க்கறாரு, ஒட்டறாரு, பிரிக்கறாரு. சாயங்காலம் ஆபீஸ் விடற நேரத்துக்கு சட்டைய மடிப்பு கலையாம மாட்டிக்கிட்டு கிளம்பிடறாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க பயந்துடுவீங்கன்னு அவருக்குப் பயம். அண்ணி… திட்டவாவது செய்யுங்க.

– எதுக்குத் திட்டறது? அடையாள அட்டையத் திருப்பிக் குடுக்கலன்னு அந்த ஆபீஸ்காரங்க எனக்குத்தான்டி போன் பண்ணாங்க. உடனே அவருக்குப் போன் போட்டா, பின்னாடி உன் ரூம் ஃபேன் கடகடக்குது. அன்னைலேர்ந்துதான் அந்த டப்பாவுல ரெண்டு பேருக்கு சேத்து வெக்கறேன். உனக்கு பாதி குடுக்கறாரா, இல்ல எல்லாத்தையும் அவரே தின்னுடறாரா?